ஏழாம் வீட்டு முழுக்கு

ஆலங்காயம் பேருந்து நிலையத்துக்கு எதிரே புகைப்பட நிலையம் நடத்திய செந்தாமரைக்கு யாரையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கும் வழக்கமில்லை. மணமக்களைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை. "உள்ளதத்தான் புடிக்க முடியும். இல்லாதத நான் எங்க போய்த் தேட்றது?" என்பார். கேட்டவர்கள் முகம் சுருங்குவார்கள். அந்தச் சுருங்கிய முகத்தையே அவர் படமாக எடுத்துக் கையில் கொடுப்பார். அவருடைய படங்களில் மனிதர்கள் அவரவராகவே இருந்தார்கள் என்பதும், அதனாலேயே பலருக்கு அவை பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

அவர் பிறந்தது கண்ணமங்கலத்தில். 1968இல் கோபால்சாமியை மணந்து ஆலங்காயம் வந்தார். படக்கலை கோபால்சாமியுடையது. 1981இல் அவருடைய பார்வை மங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள், எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத்தான் சொன்னார். கேமராவைச் செந்தாமரை எடுத்துக்கொண்டார். ஒரு பெண் கடையை நடத்தினால் யார் வருவார்கள் என்று கடைத்தெருவில் கவலைப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் எவரும் அதற்குமுன் அந்தக் கடைக்கு ஒரு படம் எடுக்கக்கூட வந்ததில்லை என்று செந்தாமரை பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டுவார். எதையும் மறக்காத பெண்மணி அவர்.

1983ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், ஒரு சந்தை நாளன்று, ஜவ்வாது மலையில் உள்ள கடுக்காய்மேட்டிலிருந்து கெங்கம்மாள் என்பவர் கடைக்கு வந்தார். தலையில் புளிக்கூடை. வயது நாற்பதுக்கு மேல்.

"இன்னா வேணும்?"

"ஒரு போட்டோ புடிக்கணும்க்கா. எனக்கில்ல. எங்க ஊரு ஆளுங்க கண்ணுக்கு."

"அவங்க கண்ணுக்கு இன்னா?"

"என்னிய மட்டும் பாக்க மாட்டேங்குது."

செந்தாமரை முக்காலியை இழுத்துப் போட்டார். கெங்கம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்ன செய்தி இது.

கடுக்காய்மேட்டில் பதினோரு பழங்குடும்பங்கள். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அம்மன் அருவிக்குக் கீழே உள்ள மடுவில் நீராடியதும், பதினோரு வீட்டாரும் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தலையில் பானையுடன் மடுவில் இறங்கி முழுகி எழ வேண்டும். ஒரு பானை தண்ணீரை விட்டு வெளியேறாமல் அடுத்த பானை இறங்கக்கூடாது. கடைசிப் பானை கரையேறும்வரை மேளம் நிற்கக்கூடாது. முழுகிய வீட்டுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு. தன் பங்குப் புளியமரங்களில் உரிமை உண்டு. மூன்று ஆண்டு தொடர்ந்து முழுகாத வீடு வரிசையிலிருந்து விழுந்துவிடும். அதன் மரங்கள் ஊருக்குப் போகும். ஊருக்கு என்றால், ஊர்க்கவுண்டர் லட்சுமணனின் மேற்பார்வைக்கு.

கெங்கம்மாளுடையது ஏழாம் வீடு. கணவர் இறந்து இரண்டாண்டு. பிள்ளையில்லை. அவரே பானையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பெண் இறங்கக்கூடாது என்று விதி ஏதும் இல்லாததால், கவுண்டர் அதைவிட எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"முழுவி எழுந்து, ஈரப் பொடவையோட அவுரு முன்னால போய் நின்னேன்க்கா. 'நீ முழுவுனியா? நான் பாக்கலியே'ன்றாரு. பூசாரியக் கேட்டா, கற்பூரத்தப் பாத்துனு இருந்தேன்றாரு. மேளக்காரன் மேளத்தப் பாத்துனு இருந்தானாம். எட்டாம் வூட்டுக்காரன் என் முதுவுக்குப் பின்னாலியே நின்னான். அவனும் பாக்கலியாம். ரெண்டு வருசமா இதே பேச்சு. இந்த வருசமும் பாக்கலன்னுட்டா என் வூடு போச்சு."

"அத்தினி பேருக்கும் ஒரே நாள்ல கண்ணு போச்சா?" என்றார் செந்தாமரை. "எங்க வூட்டுக்காரருக்கே கொஞ்சங்கொஞ்சமாத்தான் போச்சு."

உள்ளேயிருந்து கோபால்சாமி சிரித்தார்.

"ஒன்ன மட்டும் புடிச்சா போதுமா?" என்று செந்தாமரை கேட்டார்.

"போதாதுக்கா. என்னிக்கோ குளிச்சத எடுத்துனு வந்துட்டான்னு சொல்லுவாரு. எனக்கு முன்னாடி முழுவுறவனும் எனக்குப் பின்னாடி முழுவுறவனும் போட்டோவுல வரிசையா வரணும்."

மலைக்காரப் பெண்மணி சொன்னதில் எந்த வக்கீலும் குறை காண முடியாது. ஃபிலிம் சுருளின் ஓரத்தில் எண்கள் உண்டு. சுருளை வெட்டாமல் வைத்தால், எந்தப் படம் எதற்குப் பின் எடுக்கப்பட்டது என்பதைக் கவுண்டரின் பாட்டனாலும் மாற்ற முடியாது. வேலை புரிந்தது. கஷ்டமும் அப்போதே புரிந்தது. மடு இருப்பது பள்ளத்தாக்கின் அடியில். மேலே நாவல் மரங்கள் கூடியிருக்க, ஆடி மேகம் வேறு. அங்கே ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படத்தில் இருட்டுதான் விழும். ஆட்களோ மேளத்துக்கு ஈடுகொடுத்து ஐந்து எண்ணுவதற்குள் ஒருவராக முழுகி எழுகிறார்கள்.

அன்று மாலையே கணவனும் மனைவியும் விவாதித்தார்கள்.

"பல்பு ஃபிளாஷ் எட்த்துனு போமே. காத்திருக்கவே வேணாம். பட்டுனு எரியும்" என்றார் கோபால்சாமி.

"எரிஞ்ச பல்ப யாரு கழட்றது? சூடு ஆறங்காட்டியும் ரெண்டு வூடு முழுவிட்டுப் போயிரும்."

"புடவை முந்தானையில புடிச்சிக் கழட்டு. புதுசு எடு, அடிய நக்கு, மாட்டு. நான் ஒரு கல்யாணத்துல நாப்பது பல்பு மாத்தியிருக்கேன்."

"அந்தக் கல்யாணத்துல தாலி கட்றது மட்டும் வுழலியே, ஞாபகம் இருக்குதா?"

பல்பின் அடியை நாக்கால் தொட்டு மாட்டுவது அந்தக் காலப் படக்காரர்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கம். ஈரம் பட்டால் மின்சாரம் தடையில்லாமல் பாயும் என்பது கணக்கு. கோபால்சாமி அதை மணமான புதிதிலேயே மனைவிக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

மறுவாரம் செந்தாமரை வாணியம்பாடிக்குப் பேருந்து ஏறினார். அங்கே கலீல் என்பவர் கேமராச் சாமான்கள் விற்றுவந்தார். பொருளைப் பற்றிப் பொய் சொல்லாத வியாபாரி என்று செந்தாமரை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். கடையில் அன்று ராஜாக்கண்ணு என்ற படக்காரரும் இருந்தார். தோல் மண்டி முதலாளிகளின் வீட்டுத் திருமணங்களை எடுப்பவர். தோளில் ஒரு பெட்டி, அதிலிருந்து சுருள் ஒயர், அதன் முனையில் குடம்போல ஒரு ஃபிளாஷ். கடைக்குள் நிற்கும்போதும் அவர் பெட்டியைக் கழற்றவில்லை. கழற்றினால் வெறும் ராஜாக்கண்ணு ஆகிவிடுவோம் என்ற பயம் போலும்.

"மலைக்கா போறீங்க?" என்றார் அவர், செந்தாமரை கலீலிடம் மடுவைப் பற்றிச் சொல்லி முடித்ததும். "அப்படின்னா இது மாரி பேட்டரிப் பெட்டி வேணும். நிமிசத்துக்கு முப்பது அடிக்கும்."

"இன்னா வெலை?"

சொன்னார். ஒரு ஜோடி உழவு மாடு வாங்கலாம்.

"பதினோரு மின்னலுக்கு ஜெனரேட்டர் வாங்கச் சொல்றீங்க" என்று செந்தாமரை திரும்பிக்கொண்டார். "பாய், நீங்க சொல்லுங்க. மாடு விக்காம எது வாங்கலாம்?"

கலீல் இரண்டு சிறிய எலெக்ட்ரானிக் ஃபிளாஷ்களைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். இரண்டும் நாலு பேனா செல்லில் இயங்குபவை. முதலாவதை அடித்துக் காட்டினார். அடித்தபின் முதுகில் உள்ள சிறு சிவப்பு விளக்கு மறுபடி எரியும்வரை செந்தாமரை வாய்விட்டு எண்ணினார். பதினான்கு.

"இதுக்குள்ள எங்க ஊரு பஸ்ஸு போய்ட்டு வந்துரும்."

"இருங்க மா, இன்னொண்ணு பாருங்க. இதுல முன்னால ஒரு கண்ணு வெச்சிருக்கான். எதிர்ல கிட்டக்க ஆளிருந்தா, வேண்டிய வெளிச்சத்த மட்டும் வுட்டுட்டு நிறுத்திக்கும். மிச்சம் உள்ளாறவே நிக்கும். அதனால சீக்கிரமா ரெடி."

கலீலையே ஆறடியில் நிற்கவைத்து அடித்துப் பார்த்தார். நான்கு எண்ணுவதற்குள் விளக்கு எரிந்தது. கடையின் வாசலுக்கு அனுப்பிப் பதினைந்தடியில் அடித்தார். பன்னிரண்டு.

"தூரம் போனா எல்லாத்தியும் செலவு பண்ணிடும்" என்றார் கலீல். "கிட்டக்கவே நில்லுங்க. அருவிச் சாரல் இருக்குமே, கேமரா மேலயே வெச்சி அடிச்சா தண்ணிப் பொட்டெல்லாம் வெள்ளை வெள்ளையா வுழும். கைய நீட்டித் தள்ளிப் புடிங்க. பாலிதீன் பை மாட்டி, அந்தக் கண்ணுக்கு நேரா மட்டும் ஓட்டை வுடுங்க. ஈரம் பட்டா கேமராவுல மாட்டுற ஒயரு முனையத் தொடாதீங்க, சுருக்குனு இழுக்கும்."

"மடுவுல எறங்கி நின்னு அடிக்கப் போறாங்களாம்!" என்று ராஜாக்கண்ணு சிரித்தார். "மீன் மாரி மெதக்கப் போறாங்க."

"நீங்க தோள்ல மாட்டினு இருக்கறதோட வுழுந்தா மெதக்கவும் மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணுள்ள ஃபிளாஷையும் இரண்டு செட் புதுச் செல்களையும் செந்தாமரை வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பியதும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கோபால்சாமியைக் குந்தவைத்துப் பதினோரு முறை எழுந்து உட்காரச் சொன்னார். பதினொன்றும் விழுந்தன. பன்னிரண்டு படம் விழும் பழைய கேமராவின் திருகை வலது கையாலேயே சுற்றி, இடது கையில் ஃபிளாஷைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் மூன்று நாளில் வந்துவிட்டது. கோபால்சாமிக்கு முழங்கால் வலி ஒரு வாரம் இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளி. காலை பத்து மணிக்கும் மடுவில் வெயில் இறங்கவில்லை. செந்தாமரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பானைகள் முழுகும் இடத்திலிருந்து ஆறடி தள்ளி முழங்கால் நீரில் நின்றார். கவுண்டர் லட்சுமணன் கரைப்பாறையில் வெள்ளை வேட்டியோடு நின்றார். தாமே மலையைச் சுமப்பதுபோன்ற நிற்பு. படக்காரி ஏன் வந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். தடுக்க ஒரு காரணம்தான் கிடைக்கவில்லை.

காரணத்தைச் செந்தாமரையே கொடுத்தார். மேளம் கிளம்பும் நேரத்துப் பதற்றத்தில், ஒயர் முனை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்தது. பிடுங்கினார். பதினைந்து ஆண்டுப் பழக்கம். கலீல் சொன்ன எச்சரிக்கை எங்கோ போய்விட்டது. முனையை நாக்கில் வைத்து எடுத்து மாட்டினார்.

"எச்சி!" என்று கவுண்டர் கத்தினார். "அம்மா மடுவுல நின்னுனு எச்சி பண்றா! பாத்தீங்களாடா?"

"பாத்தேன்" என்றார் பூசாரி.

"நானும் பாத்தேன்" என்றான் மேளக்காரன்.

"நாக்க நீட்டி நக்குனா. நல்லாப் பாத்தேன்" என்றான் எட்டாம் வீட்டுக்காரன்.

இரண்டு ஆண்டுகளாக ஒரு முழு ஆள் தண்ணீரில் முழுகி எழுந்ததைக் காணாத கண்கள், கடுகளவு எச்சிலை இருபதடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டன. ஊரின் பார்வை அப்படித் தேவைக்கேற்பக் கூர்மை பெறுவது.

"மேல ஏறு. எதிர்க்க இருக்கற அந்தப் பாறைக்கு அப்பால நில்லு. போட்டோ புடிச்சிக்கோ, வேணான்னு சொல்லல" என்றார் கவுண்டர், பெரிய மனது பண்ணி.

தவறு தன்னுடையது என்பது செந்தாமரைக்குத் தெரியும். தன்னைத் திட்டிக்கொண்டதில் அவர் யாருக்கும் காட்டாத தாராளத்தைக் காட்டினார். கவுண்டர் காட்டிய பாறை பதினைந்தடிக்குக் குறையாது. வரிசையில் பானையோடு நின்ற கெங்கம்மாளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்கேர்ந்து அடிச்சா, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பன்னெண்டு எண்ணணும். ஒனக்கு முன்னாடி ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மூணுத்துல ஒண்ணுதான் வுழும் போல கீது. என்னாலதான்."

கெங்கம்மாள் அழவில்லை. "பன்னெண்டுதானே?" என்று மட்டும் கேட்டார்.

மேளம் தொடங்கியது. முதல் வீடு முழுகி எழுந்ததைச் செந்தாமரை எடுத்தார். இரண்டு முதல் ஐந்துவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கவுண்டர் முகத்தில் ஒரு நிம்மதி. ஆறாம் வீட்டுக்காரன் எழுந்தபோது ஃபிளாஷ் மின்னியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

கெங்கம்மாள் பானையுடன் இறங்கினார். முழுகினார். செந்தாமரை எண்ணத் தொடங்கினார். மூன்று. நான்கு. ஐந்து. மற்றவர்கள் எழும் நேரம் கடந்தது. மேளக்காரன் அடித்துக்கொண்டே கழுத்தை நீட்டினான். நிறுத்தக்கூடாதே. ஏழு. எட்டு. எட்டாம் வீட்டுக்காரன் ஒரு காலை நீரில் வைத்துவிட்டுப் பின்னுக்கு இழுத்தான். உள்ளே ஒரு பானை இருக்கும்போது இறங்க முடியாதே. கவுண்டர் பாறையின் கடைசி விளிம்புக்கு ஓடிவந்து குனிந்தார்.

"செத்துட்டாளா இன்னா? ஏம்மே கெங்கா!"

பன்னிரண்டு. விளக்கு எரிந்தது. பானையும் தலையும் நீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஃபிளாஷ் மின்னியது.

கெங்கம்மாள் மூச்சை இழுத்துக்கொண்டு, கரையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இது இந்த வருசத்துக்கு. போன வருசம் நீங்க யாரும் பாக்கலன்னீங்களே, அதுக்கு ஒண்ணு." மறுபடி முழுகினார்.

"ஏய்! ஏய், வெளிய வாடி!"

எழுந்தார். "அதுக்கு முந்தின வருசத்துக்கு ஒண்ணு. அப்பவும் கண்ணு தெரியலியே ஒங்களுக்கு." மூன்றாவது முறையும் முழுகினார்.

பூசாரி கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். பானை தண்ணீருக்குள் இருக்கிறது. மேளம் நிற்க முடியாது. வரிசை நகர முடியாது. ஒரு பெண்ணைத் தலைமயிரைப் பிடித்து அம்மன் மடுவிலிருந்து இழுக்கவும் முடியாது. விதிகளைக் காத்துவந்த பெரியவர்கள், விதிக்குள்ளேயே நனைந்துகொண்டு நின்றார்கள். கெங்கம்மாள் நிதானமாக எழுந்து, புடவையைப் பிழிந்துகொண்டு கரையேறியபோது சிவப்பு விளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எட்டாம் வீட்டுக்காரன் இறங்கி எழுந்தான். மின்னியது. அவன் கையால் முகத்தை மறைக்க முயன்றான். பானையைப் பிடித்திருந்த கை என்பதால் முடியவில்லை.

மறுநாள் இருட்டறையில் படங்களைக் கழுவி எடுத்த செந்தாமரை, மூன்றாம் எண் படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "அட!" என்றார்.

"இன்னாமே, கெட்டுப்போச்சா?" என்றார் வெளியில் உட்கார்ந்திருந்த கோபால்சாமி.

"இல்லங்க. கெங்கம்மா நல்லா வுழுந்திருக்கா. அவளுக்குப் பின்னால கவுண்டரும் வுழுந்திருக்காரு. குனிஞ்சினு, வாயத் தொறந்துனு."

"கண்ணு?"

"ரெண்டும் அவ மேல. முட்டை மாரி."

ஆறடியில் நின்று எடுத்திருந்தால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு பானையும் ஒரு முகமும் மட்டுமே அடங்கியிருக்கும். பதினைந்தடிக்குத் தள்ளியதால் மடு அடங்கியது; கரைப்பாறை அடங்கியது; அதன்மேல் நின்றவரும் அடங்கினார். தம்மைப் படத்துக்குள் கொண்டுவந்தவர் கவுண்டரேதான். கலீலின் ஃபிளாஷ் வெளிச்சத்தை மட்டும்தான் கொடுத்தது.

அடுத்த வாரம் கடுக்காய்மேட்டில் ஊர் கூடியது. கெங்கம்மாள் நான்கு படங்களையும், வெட்டாத சுருளையும் பாயில் பரப்பினார். கவுண்டர் மூன்றாம் படத்தைக் கையில் வாங்கித் தூரமாகப் பிடித்தார். பிறகு கிட்டத்தில் பிடித்தார்.

"ஈரமா இருக்குது. யாருன்னே தெரியல."

"முன்னால இருக்கறது நான். அத வுடுங்க" என்றார் கெங்கம்மாள். "பின்னால குனிஞ்சினு நிக்கிறது யாரு கவுண்டரே?"

கவுண்டர் படத்தை மறுபடி தள்ளிப் பிடித்தார். பக்கத்தில் இருந்த ஆறாம் வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, உதவி செய்கிற எண்ணத்தில், "நீங்கதான்ங்க. வேட்டிக் கரை தெரியுதே" என்றான்.

"எதப் பாத்துனு நிக்கிறாரு?"

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். கவுண்டர் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"முழுவுனதா எழுதிக்கோங்கடா" என்றார்.

"எத்தினி முழுக்கு?" என்றார் கெங்கம்மாள்.

"... மூணு."

ஏழாம் வீடு வரிசையில் நின்றது, புளியமரங்களும் நின்றன. அடுத்த ஆண்டு கெங்கம்மாள் முழுகியபோது படக்காரர் யாரும் வரவில்லை. தேவைப்படவுமில்லை. பூசாரி, மேளக்காரன், எட்டாம் வீட்டுக்காரன் ஆகிய மூவரும் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும், கெங்கம்மாளே கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் கேள்வி.

செந்தாமரை 1989வரை கடையை நடத்தினார். கண்ணுள்ள அந்தச் சிறிய ஃபிளாஷே கடைசிவரை அவரிடம் இருந்தது. ஒயர் முனையை நக்கும் பழக்கமும் கடைசிவரை போகவில்லை. கோபால்சாமி கேலி செய்தால், "அதனாலதான் கவுண்டரு வுழுந்தாரு" என்பார். மூன்றாம் எண் படத்தைப் பெரிதாக்கி, கடையின் முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியில், பேருந்து நிலையத்தைப் பார்க்கும்படி மாட்டியிருந்தார். அதன்கீழ் பெயரோ ஊரோ எழுதவில்லை. அந்தப் படத்தை அங்கிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கவுண்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "படமா? எந்தப் படம்? நான் பாக்கலியே" என்று செந்தாமரை பதில் சொல்லி அனுப்பினார்.

அதன்பின் கவுண்டர் லட்சுமணன் சந்தை நாட்களில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, வெயிலில் நடந்து, பின்தெரு வழியாகச் சந்தைக்குப் போய்வந்தார்.